ஓர் அஞ்சல் தலையும் எண்பதாயிரம் பங்குகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

நமது ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களில் கணிசமானோர் கடல் கடந்து சென்று பொருளீட்டி வருகின்றனர். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர்களும் நம்மிடையே பெருகியுள்ளனர். வட்டியை விட்டு விலகி நிற்க வேண்டும் என்ற பேணுதலுடைய அவர்கள், உழைத்துச் சேர்த்த பணத்தை எதில் முதலீடு செய்வது என்று தேடும்போது, புதிய புதிய முறைகள் அவர்களின் கைப்பேசிக்கே வந்து சேருகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பலரும் நம்மிடம் வினவி வருகின்றனர். "ஹஜ்ரத், கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியம், பழங்கால நாணயம், அபூர்வமான அஞ்சல் தலை ஆகியவற்றைச் சிறு சிறு பங்குகளாக்கி விற்கிறார்கள். பொருள் உண்மையாகவே இருக்கிறது, வட்டியும் இல்லை. அதில் சேரலாமா?" என்பதே அக்கேள்வி.

ஒரு விஷயத்தின் வடிவத்தை முழுமையாக விளங்கிய பிறகே அதன் சட்டத்தைப் பேச வேண்டும் என்பது மதரஸாவில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. எனவே முதலில் இந்த வியாபாரத்தின் வடிவத்தை விளங்கிக்கொள்வோம்.

பங்கு என்பது நமக்குப் புதியதன்று. ஒருவர் மனைவியையும் இரண்டு ஆண்மக்களையும் மூன்று பெண்மக்களையும் விட்டு மறைகிறார். அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர் எனக் கொள்வோம். அவருடைய வீட்டில் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரித்தால், ஒவ்வொரு மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு வரும். வீட்டின் விலை 80 இலட்சம் ரூபாய் என்றால் மகளின் பங்கு 10 இலட்சம். இது ஏட்டுக் கணக்கு. மற்ற வாரிசுகள் வீட்டை விற்கச் சம்மதிக்காத நிலையில், பிரிக்கப்படாத அந்த ஒரு பங்கை மட்டும் வெளியார் ஒருவரிடம் விற்கச் சென்றால் 10 இலட்சம் கிடைக்குமா? கிடைக்காது. வாங்குபவர் அங்கே தனித்துக் குடியேற முடியாது. தன் விருப்பப்படி வாடகைக்கு விட முடியாது. தேவைப்பட்ட நாளில் மொத்த வீட்டையும் விற்கச் செய்யவும் முடியாது. ஆகவே அவர் விலையைக் குறைத்தே கேட்பார்.

பிரிக்கப்படாத பொருளில் ஒரு பங்கு, அந்தப் பொருளின் விலையில் அதே விகிதத்தை விடக் குறைவாகவே மதிக்கப்படும் என்பது சொத்துப் பஞ்சாயத்துகளில் அமர்ந்த பெரியோர்கள் அனைவரும் அறிந்த உண்மை. இந்த ஓர் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டால் இன்று நாம் பேசவிருக்கும் முழு விஷயமும் விளங்கிவிடும்.

இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஓர் அஞ்சல் தலை. தென் அமெரிக்காவின் வடகரையில் இன்று கயானா என வழங்கும் நாடு, முன்பு பிரிட்டிஷ் கயானா என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய அஞ்சல் தலைகள் உரிய காலத்தில் வந்து சேராததால், 1856ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுன் நகரத்துச் செய்தித்தாள் அச்சகத்திலேயே தற்காலிகத் தேவைக்காகச் சில அஞ்சல் தலைகள் அச்சிடப்பட்டன. அவற்றுள் மெஜந்தா நிறத் தாளில் அச்சான ஒரு சென்ட் அஞ்சல் தலை உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருப்பதாக அறியப்பட்டுள்ளது. 1873இல் வெர்னான் வாகன் என்ற 12 வயதுச் சிறுவன் அதைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். 1922இல் பாரிஸ் ஏலத்தில் அது 35,000 டாலருக்கு மேல் விலைபோனது.

அந்த அஞ்சல் தலை இரண்டு முறை பலருடைய கூட்டு முதலீட்டுக்கு உட்பட்டது. அந்த இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நமக்குப் பாடம்.

முதலாவது, 1970ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த முதலீட்டாளர் சிலர், இர்வின் வைன்பெர்க் என்ற அஞ்சல் தலை வணிகரின் தலைமையில் ஒன்றுகூடி, 2,80,000 டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்தனர். அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்த சிலரே. பொருளும் அவர்கள் பொறுப்பிலேயே இருந்தது. வைன்பெர்க் அதைப் பல நாடுகளின் கண்காட்சிகளுக்குக் கொண்டு சென்று அதன் புகழை வளர்த்தார். பத்தாண்டுகள் கழித்து, 1980இல் 9,35,000 டாலருக்கு விற்றார்கள். வாங்கிய விலையும் அவர்களுடையது. விற்ற விலையும் அவர்களுடையது. இடையில் கூடுதல் விலை வைத்துப் பங்கு விற்றவர் எவரும் இல்லை.

இங்கும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அதே பத்தாண்டுகளில் தங்கம் என்ன ஆயிற்று? 1970இல் ஓர் அவுன்ஸ் 40 டாலருக்கும் குறைவாக இருந்த தங்கத்தின் சராசரி விலை, 1980இல் 600 டாலரைத் தாண்டியது. உலகில் ஒன்றே ஒன்றான அஞ்சல் தலை மூன்று மடங்குக்குச் சற்று மேல் உயர்ந்த காலத்தில், எல்லோர் வீட்டிலும் இருக்கும் தங்கம் பதினைந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அபூர்வமான பொருள் என்பதாலேயே அதன் விலை மற்ற அனைத்தையும் விட வேகமாக ஏறும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

1980இல் வாங்கியவரின் மறைவுக்குப் பின், 2014இல் அது ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன். அவர் 2021 ஜூன் மாதம் அதை விற்றபோது கிடைத்த விலை ஏறத்தாழ 83 இலட்சம் டாலர். ஏழு ஆண்டுகளில் விலை ஏறவில்லை, இறங்கிவிட்டது. வாங்குபவர் செலுத்தும் தொகையில் ஏலக்கூடத்தின் கட்டணமும் அடங்கியிருப்பதால், விற்றவர் கைக்கு வந்தது இன்னும் குறைவு.

2021இல் அதை வாங்கியது பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம். அந்த அஞ்சல் தலை அச்சான அதே 1856ஆம் ஆண்டில் வணிகத்தைத் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம் அது. இங்கேதான் இரண்டாவது கூட்டு வருகிறது. அதே ஆண்டு நவம்பரில், ஷோபீஸ் என்ற தளத்தின் வழியாக அந்த அஞ்சல் தலையை 80,000 பங்குகளாக்கி, ஒரு பங்கு 100 பவுண்டு என்று விற்பனைக்கு வைத்தார்கள். கணக்கைப் பாருங்கள். 80,000 பங்குகளும் விற்றால் 80 இலட்சம் பவுண்டு. ஆனால் ஐந்து மாதங்களுக்கு முன் ஏலத்தில் அவர்கள் கொடுத்த விலை பவுண்டுக் கணக்கில் ஏறத்தாழ 60 இலட்சம்தான்.

சகோதரர்களே! வாரிசுரிமை வீட்டின் கணக்கை இப்போது நினைவுக்குக் கொண்டு வாருங்கள். பிரிக்கப்படாத பங்கின் விலை, முழுப்பொருளின் விகிதத்தை விடக் குறைவாக இருப்பதே உலக வழக்கம். இங்கோ, பங்கின் விலை முழுப்பொருளின் விகிதத்தை விட மூன்றில் ஒரு பாகம் கூடுதலாக வைக்கப்பட்டது. 100 பவுண்டு கொடுத்தவர் கையில் வந்தது, ஏல விலைப்படி 75 பவுண்டு அளவுள்ள பங்குதான். அந்த அஞ்சல் தலையின் விலை மூன்றில் ஒரு பாகம் ஏறினால்தான் அவருடைய முதல் அவருக்குத் திரும்பும். அதற்கு மேல் ஏறினால்தான் இலாபம் என்ற பேச்சே தொடங்கும். விற்பவருக்கோ, பங்கு விற்ற அன்றே இலாபம் கைக்கு வந்துவிடுகிறது.

இதில் மறைவு ஏதும் இல்லை. ஏல விலையும் பங்கு விலையும் பத்திரிகைகளில் வெளிவந்தவையே. உலகப் புகழ்பெற்ற அந்த அஞ்சல் தலையில் நமக்கும் ஒரு பங்கு என்ற மகிழ்ச்சிக்காக 100 பவுண்டு கொடுத்தவர்கள் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: மகிழ்ச்சிக்குக் கொடுக்கும் விலை வேறு, முதலீட்டுக்குக் கொடுக்கும் விலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவரே நஷ்டமடைகிறார். 2023 டிசம்பரில் ஸ்டான்லி கிப்பன்ஸ் குழுமமே நொடித்துப்போகும் நிலைக்குச் சென்று, அதன் வணிகம் வேறொரு குழுமத்தின் கைக்கு மாறியது. 167 ஆண்டுப் பாரம்பரியமும் ஒரு நிறுவனத்திற்கு உத்தரவாதம் ஆகாது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் இத்தொழில் இன்னும் விரிவாக நடைபெறுகிறது. 2016இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ராலி என்ற நிறுவனம், 1977ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு லோட்டஸ் காரை 2,000 பங்குகளாக்கி, ஒரு பங்கு 38 டாலர் 85 சென்ட் வீதம் விற்றுத் தன் தொழிலைத் துவக்கியது. 2017இல் தொடங்கிய மாஸ்டர்வொர்க்ஸ் என்ற நிறுவனம் ஓவியங்களில் பங்கு விற்கிறது. இவற்றில் நுணுக்கமான ஒரு செய்தி உண்டு. பங்கு வாங்குபவர் ஓவியத்தில் பங்கு வாங்குவதில்லை. அந்த ஓர் ஓவியத்தை வைத்திருப்பதற்காகவே அமைக்கப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தில் பங்கு வாங்குகிறார். ஓவியத்தை எங்கே வைப்பது, எப்போது விற்பது என்பதை நிர்வகிப்பவர்களே முடிவு செய்கின்றனர்.

நிர்வாகத்திற்குக் கூலியும் உண்டு. மாஸ்டர்வொர்க்ஸ் நிறுவனம் அறிவித்துள்ள முறைப்படி, ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் பங்குகளாகவே எடுத்துக்கொள்ளப்படும். விற்கும்போது இலாபத்தில் 20 சதவீதம் பிடிக்கப்படும். இதை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு வாங்கிய ஓவியம் பத்தாண்டில் 200 ரூபாய் ஆனது எனக் கொள்வோம். ஆண்டுதோறும் கூடும் பங்குகளால், மொத்தத்தில் ஏறத்தாழ 13 சதவீதம் நிர்வாகத்தின் கைக்குப் போயிருக்கும். எஞ்சிய 174 ரூபாயில் இலாபம் 74. அதில் ஐந்தில் ஒன்று போக, முதல் போட்டவருக்குத் தோராயமாக 159 ரூபாய் கிடைக்கும். பொருளின் விலை இரட்டிப்பான போதிலும், இவருடைய இலாபம் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்தையும் எட்டவில்லை. விலை இரட்டிப்பாகாமல் அப்படியே நின்றுவிட்டால் முதலிலேயே குறைவு ஏற்படும்.

பொருள் உண்மையானதாக இருந்தும் மக்கள் ஏமாந்த வரலாறும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் அஃபின்சா, ஃபோரம் ஃபிலாடெலிகோ என்ற இரு நிறுவனங்கள், அஞ்சல் தலைகளை மக்களுக்கு விற்று, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் உறுதி செய்யப்பட்ட இலாபத்துடன் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்தன. 2006 மே மாதம் அரசு தலையிட்டு அவற்றை மூடியபோது, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் சேமிப்பு அதில் சிக்கியிருந்தது. அஞ்சல் தலைகள் பெட்டகத்தில் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவற்றுக்குச் சொல்லப்பட்ட விலையை வெளிச்சந்தையில் கொடுப்பார் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்திலிருந்தே பழையவர்களுக்கு இலாபம் கொடுக்கப்பட்டு வந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். 2006இல் மும்பையில் ஓசியான் கலை நிதியம், ஓவியங்களை வாங்கி விற்று இலாபம் ஈட்டித் தருவதாகக் கூறி ஏறத்தாழ 102 கோடி ரூபாய் திரட்டியது. 2008இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமாகிய செபி, இத்தகைய கலை நிதியங்கள் கூட்டு முதலீட்டுத் திட்டங்களே என்றும் பதிவு பெறாமல் நடத்தக் கூடாது என்றும் எச்சரித்தது. உலகப் பொருளாதார நெருக்கடியால் ஓவியங்களின் விலை வீழ்ந்த நிலையில், 2009இல் கெடு முடிந்தபோது பலருக்கு உரிய காலத்தில் பணம் திரும்பவில்லை. 1990களில் தமிழகத்தில் தேக்கு மரப் பங்குகளில் பணம் போட்டவர்களின் கதையை இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலருடைய பணத்தைத் திரட்டி, அவர்களுக்கு அன்றாட நிர்வாகத்தில் அதிகாரம் இல்லாமல், இலாபம் தருவதாகச் சொல்லி ஒருவர் நடத்தும் எந்தத் திட்டமும் செபியின் பதிவுக்கு உட்பட்டது என்ற விதி அத்தகைய அனுபவங்களுக்குப் பின்னரே வந்தது.

இனி இதன் மார்க்க நிலையைச் சுருக்கமாகக் காண்போம்.

ஒரு பொருளைப் பலர் கூட்டாகச் சொந்தமாக்கிக் கொள்வது அடிப்படையில் ஆகுமானது. ஷிர்கத் எனப்படும் கூட்டு முறையைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடங்களே உள்ளன. ஆனால் கூட்டுக்கு இலக்கணம் உண்டு. நஷ்டம் அவரவர் போட்ட முதலின் விகிதப்படி அமைய வேண்டும். முதலுக்கு உத்தரவாதம், ஆண்டுக்கு இவ்வளவு நிச்சயம் என்று எவரேனும் சொன்னால், பெயர் பங்கு என்றிருந்தாலும் அங்கே வட்டியின் வாடை வந்துவிட்டது. பொருளின் விலையும் அதன் நிலையும் விற்பவருக்கு மட்டும் தெரிந்து, வாங்குபவர் இருட்டில் இருந்தால் அது கரர் எனப்படும் மோசடிக்கு இடமளிக்கும் தெளிவின்மையாகும்.

பொருள் எது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய மதுப் புட்டிகளிலும் இப்படிப் பங்கு விற்கப்படுகிறது. அதில் நமக்கு எவ்விதப் பங்கும் இல்லை என்பதை விளக்கத் தேவையில்லை. உயிரினங்களின் சிலை, உருவப்படம் ஆகியவற்றிலும் பேணுதல் அவசியம். தங்க, வெள்ளி நாணயங்களில் கைக்குக் கை மாறும் நிபந்தனை பற்றிய சட்டங்கள் குறுக்கிடுவதால், ஆலிம்களிடம் தனியாகக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

ஜகாத்தையும் மறந்துவிடலாகாது. விற்று இலாபம் பெறும் எண்ணத்துடனேயே வாங்கிய பங்கு வியாபாரப் பொருளின் சட்டத்தில் சேரும். ஆண்டு நிறைவில் அன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, ஏனைய செல்வத்துடன் நிஸாபு அளவை அடைந்திருந்தால் நாற்பதில் ஒன்று கடமையாகும். அன்றைய மதிப்பு என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத பொருளில், ஜகாத்தை எப்படிக் கணக்கிடுவது? இந்தக் கேள்விக்கு விடை இல்லை என்றால், அப்பொருளை விற்கும் நாளிலும் விடை இருக்காது.

எனவே, இவ்வாறான அழைப்பு வரும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இவர்கள் இப்பொருளை என்ன விலைக்கு வாங்கினார்கள். எல்லாப் பங்குகளையும் கூட்டினால் என்ன விலை வருகிறது? இரண்டாவது, பொருள் யாருடைய பெயரில், எங்கே, எந்தக் காப்பீட்டில் இருக்கிறது. நடத்துபவர் நொடித்துப்போனால் அது யாருக்குச் சேரும்? மூன்றாவது, விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? நான்காவது, நமக்குப் பணம் தேவைப்பட்டால் பங்கை வாங்க வெளியில் ஆள் இருக்கிறார்களா, அல்லது விற்றவரே சொல்லும் விலைதானா? ஐந்தாவது, ஆண்டுதோறும் என்ன பிடித்தம், விற்கும்போது என்ன பிடித்தம்? இந்த ஐந்துக்கும் எழுத்தில் விடை கிடைக்காத இடத்தில் நிற்காதீர்கள்.

விடை கிடைத்தாலும், வீடு கட்டவும் ஹஜ்ஜுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் சேர்த்த பணம் அங்கே போகக் கூடாது. இழந்தாலும் குடும்பம் தடுமாறாத அளவே போகலாம். ஒருவர் கைப்பேசியில் வாங்கிய பங்கு அவருடைய மனைவிக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது என்றால், அவர் மறைந்த பின் அந்தப் பங்கு யாருக்குப் போய்ச் சேரும்? வாரிசுகளின் ஹக்கு அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே எதில் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவையுங்கள். இந்தப் பங்குகளுக்கு மட்டுமல்ல, கொடுக்கல் வாங்கல் அனைத்துக்கும் இது பொருந்தும்.

பெரியோர்களே, சகோதரர்களே! சில நண்பர்கள் கூடி, ஒருவரை ஒருவர் அறிந்து, வாங்கும் விலையும் விற்கும் அதிகாரமும் தம் கையில் இருக்க, ஒரு கடையையோ நிலத்தையோ வாங்கினால் அது நம் முன்னோர் நடந்த வழி. 1970இல் அந்த அஞ்சல் தலையை வாங்கியவர்களும் அவ்வாறே செய்தனர். முகம் தெரியாத எண்பதாயிரம் பங்குகளில் ஒன்றாக, விலை கூட்டி வைத்தவரிடம் வாங்கி, அவர் விற்கும் நாள்வரை காத்திருப்பது வேறு வழி. இரண்டுக்கும் கூட்டு என்றே பெயர் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாமல், அதிகாரம் யார் கையில் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத்தைத் தந்தருள்வானாக! நம் இளைஞர்களின் பொருளையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.